தம்பி கனடா லண்டனில் கவுன்சிலருக்கு நிற்கிறான், ஊரிலிருந்து பணம் அனுப்பலாமா?

பாளை மூத்தவன்

எல்லாருக்கும் வணக்கம். விஷயம் கொஞ்சம் விசித்திரமானது, சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

என் தம்பி கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்து லண்டனில் இருக்கிறான். இங்கிலாந்து லண்டன் இல்லை, கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. குடியுரிமை வாங்கியாச்சு, வீடும் வாங்கியாச்சு, பிள்ளைகள் அங்கேயே பள்ளிக்கூடம் போகிறார்கள். திடீரென்று போன் போட்டு, 2026 அக்டோபரில் நடக்கும் மாநகராட்சித் தேர்தலில் அவன் வார்டில் கவுன்சிலருக்கு நிற்கப் போவதாகச் சொல்கிறான். இங்கே இருந்தவரை ஒரு கட்சிக்கூட்டத்துக்குக் கூட எட்டிப் பார்க்காத பயல்.

எங்க அப்பா சேரன்மகாதேவி பேரூராட்சியில் ஒரு காலத்தில் வார்டு உறுப்பினராக இருந்தவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கட்சியில சீட்டு கொடுத்திருக்காங்க?" அங்கே உள்ளாட்சித் தேர்தலில் கட்சியே கிடையாது என்று தம்பி சொன்னான். "அப்போ சுயேச்சையா? சுயேச்சைக்கு எவன்டா ஓட்டுப் போடுவான்" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் மனசுக்குள் பெருமைதான். கட்சி இல்லை என்றால் பணம்தான் வழி என்று அவராகவே முடிவு செய்து, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற வயலில் அரை ஏக்கரை விலை பேச ஆள் விட்டிருக்கிறார். அம்மா அவரோடு பேசுவதில்லை. தம்பி பணம் வேண்டாம் என்கிறான், அப்பா அதை மரியாதைக்குச் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது: இங்கிருந்து பணம் அனுப்பலாமா? இல்லாவிட்டால் சிவகாசியில் எனக்குப் பழக்கமான அச்சகம் இருக்கிறது, நோட்டீஸ், காலண்டர் எல்லாம் அடித்துப் பார்சலில் அனுப்பினால் அவனுக்குச் செலவு மிச்சம்தானே? அப்புறம் அங்கே நம்ம தமிழ் ஆட்கள், மலையாளிகள், பஞ்சாபிகள் எல்லாம் நிறைய என்கிறான், அது ஓட்டாக விழுமா? அந்த ஊரில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அப்பாவிடம் நான் காட்டணும்.

கேடிசி நகர் வாசி

அண்ணாச்சி, முதலில் வயலுக்கு விலை பேசுவதை நிறுத்தச் சொல்லுங்கள். கன்னடியன் கால் தண்ணியில் விளைகிற வயலை விற்று கனடியன் தேர்தலில் போடுவதற்கு அங்கே சட்டம் இடம் கொடுக்காது. நான் அதே லண்டனில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன், 2018 தேர்தலில் ஒரு வேட்பாளருக்காக வீடு வீடாக நடந்திருக்கிறேன், அதனால் இதைத் தெரிந்து சொல்கிறேன்.

ஒண்டாரியோவில் உள்ளாட்சி வேட்பாளருக்கு நன்கொடை கொடுக்க வேண்டுமென்றால் அந்த மாகாணத்தில் குடியிருக்கும் தனிமனிதராக இருக்க வேண்டும். கம்பெனி கொடுக்க முடியாது, தொழிற்சங்கம் கொடுக்க முடியாது, ஒண்டாரியோவுக்கு வெளியே இருக்கிற அப்பாவும் கொடுக்க முடியாது. கொடுக்கிற ஆளும் ஒரு வேட்பாளருக்கு அதிகபட்சம் 1,200 டாலர்தான் கொடுக்கலாம். 25 டாலருக்கு மேலே ரொக்கமாக வாங்கக் கூடாது, யார் கொடுத்தது என்று தடம் தெரிகிற மாதிரி செக்காகவோ கார்டிலோ வரணும்.

சரி, சொந்தக் காசைப் போடலாம்தானே என்றால் அதற்கும் வரம்பு. கவுன்சிலர் வேட்பாளரும் அவர் மனைவியும் சேர்ந்து போடக்கூடியது 5,000 டாலர், அதோடு வார்டில் ஒரு வாக்காளருக்கு 20 சென்ட். எப்படிப் பார்த்தாலும் 25,000-ஐத் தாண்டக் கூடாது. மொத்தச் செலவுக்குத் தனி வரம்பு, 5,000 டாலரும் வாக்காளர் தலைக்கு 85 சென்ட்டும். வார்டில் 20,000 வாக்காளர்கள் என்று வைத்தால் கையிலிருந்து 9,000, மொத்தச் செலவு 22,000. அவ்வளவுதான் ஆட்டம். இங்கே ஒரு பெரிய வார்டில் கடைசி இரண்டு ராத்திரிச் செலவு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

சிவகாசி நோட்டீஸும் இதே கணக்கில்தான் வரும். பொருளாகக் கொடுத்தாலும் நன்கொடைதான். நீங்கள் ஒண்டாரியோவில் இல்லை, அதனால் கூடாது. சந்தை விலைக்குக் குறைவாக அடித்துக் கொடுத்தால் அந்தக் குறைவும் நன்கொடையாகிவிடும். தம்பியே தன் தேர்தல் கணக்கிலிருந்து முழு விலை கொடுத்து வாங்கினால் அது வேறு விஷயம், ஆனால் அங்கே இருக்கிற அச்சகத்தை விட்டுவிட்டு சிவகாசியில் அடித்தான் என்று எதிராளி கிளப்பிவிட்டால் முடிந்தது. அந்த ஊரில் வேலை, தொழிற்சாலை, உள்ளூர்க் கடை எல்லாம் தொட்டால் சுடுகிற சமாச்சாரம்.

இன்னொன்று, மனுத்தாக்கல் செய்வதற்கு முன்னால் ஒரு டாலர் வாங்கவும் கூடாது, செலவழிக்கவும் கூடாது. மனு வாங்குவது மே 1-லிருந்து ஆகஸ்ட் 21 வரை. கவுன்சிலருக்குக் கட்டணம் 100 டாலர், மேயருக்கு 200, கூடவே 25 வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டு வழிமொழியணும். தம்பி இப்போதே செலவை ஆரம்பித்திருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

மேலப்பாளையம் காரன்

இந்தச் சட்டமெல்லாம் இங்கேயும்தான் இருக்கிறது வே. செலவு வரம்பு இருக்கு, கணக்கு தாக்கல் இருக்கு. அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தால் நம்ம ஆட்கள் டீயும் பன்னும் மட்டும் சாப்பிட்டு ஜெயித்த மாதிரி இருக்கும். அப்பா மகன் பெயருக்குப் பணம் அனுப்புகிறார், மகன் தன் பணம் என்று போடுகிறான், யார் கேட்கப் போகிறார்கள்?

கேடிசி நகர் வாசி

கேட்பார்கள். அதுதான் வித்தியாசம். அடுத்தவர் பணத்தை வாங்கித் தன் பெயரில் நன்கொடையாகப் போடுவதே அங்கே குற்றம். அதைவிட முக்கியம், வேட்பாளரின் கணக்கில் சந்தேகம் இருந்தால் ஊரில் இருக்கிற எந்த வாக்காளரும் தணிக்கை கேட்டு மனுப் போடலாம். ஒவ்வொரு ஊரிலும் அதற்கென்றே ஒரு குழு வைத்திருக்கிறார்கள். தோற்றுப்போன எதிராளியின் மச்சினன் ஒருத்தன் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அப்பாவிடம் கடன் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, தேர்தல் செலவுக்குக் கடன் வாங்குவதானால் ஒண்டாரியோவில் இருக்கிற வங்கியிலோ அது மாதிரி முறையான நிறுவனத்திலோதான் வாங்கணும். குடும்பக் கடன் செல்லாது.

நீங்கள் செய்யக் கூடியது உழைப்பு மட்டும்தான். சம்பளம் வாங்காமல் செய்கிற வேலை நன்கொடைக் கணக்கில் வராது. தமிழில் நாலு வரி எழுதிக் கொடுங்கள், வீடியோ வெட்டிக் கொடுங்கள், ராத்திரி அவன் சோர்ந்து போய்ப் போன் போட்டால் எடுத்துப் பேசுங்கள்.

திம்மராஜபுரம் ஆச்சி

மூத்தவனே, நான் அந்த ஊருக்குப் போயிருக்கேன். மகள் அங்கேதான் இருக்கிறாள். 2022 அக்டோபரில் நான் அவள் வீட்டில் இருந்தபோதுதான் போன தேர்தல் நடந்தது. அதில் நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன், சட்டம் எனக்குத் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் மணி அடித்தது. நல்ல குளிர், இருட்டத் தொடங்கியிருந்தது. கதவைத் திறந்தால் ஒரே ஒரு ஆள். கூட கொடி இல்லை, ஆள் பட்டாளம் இல்லை, ஆட்டோவில் பாட்டு இல்லை. கழுத்தில் ஒரு அட்டை தொங்குது, கையில் அட்டையில் செருகிய தாள் கத்தை, அதில் எங்கள் தெருவின் வீட்டு எண்கள் வரிசையாக இருந்தன, பக்கத்தில் பேனாவால் ஏதோ குறிகள். மூக்கு செக்கச்செவேல் என்று இருந்தது. நான் யாரோ பார்சல் கொண்டு வந்தவன் என்று நினைத்து மகளைக் கூப்பிட்டேன். பார்த்தால் அவர்தான் வேட்பாளர்! எங்க ஊரில் வேட்பாளர் என்றால் திறந்த ஜீப்பில் கும்பிட்டுக்கொண்டே போவார், நாம் ஆரத்தித் தட்டோடு நிற்போம், தட்டில் என்ன விழுகிறது என்று பார்ப்போம்.

அவர் ஓட்டுப் போடுங்கள் என்று கேட்கவே இல்லை. இந்தத் தெருவில் என்ன பிரச்சினை என்றுதான் கேட்டார். மருமகன், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் கார்கள் வேகமாகப் போகிறது என்றார். எந்த முக்கில், எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நான் உள்ளே வந்து ஒரு காபி குடியுங்கள் என்று மகளைச் சொல்லச் சொன்னேன், இன்னும் நிறைய வீடு பாக்கி இருக்கிறது என்று சிரித்துவிட்டுப் போனார். நான் ஓட்டில்லாதவள், பார்க்க வந்தவள் என்று தெரிந்த பிறகும் என்னிடம் நின்று பேசினார், அது எனக்குப் பிடித்திருந்தது. ஜெயித்தாரா தோற்றாரா என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்குள் எனக்கு டிக்கெட் வந்துவிட்டது.

இன்னொரு கூத்து சொல்கிறேன். அந்த ஊரில் சில தெருக்களில் ரோட்டைப் புதுப்பிக்கும்போது நடைபாதை போட்டுத் தருகிறோம் என்று மாநகராட்சி சொல்லுது, வேண்டவே வேண்டாம் என்று ஜனங்கள் சண்டை போடுகிறார்கள்! வீட்டு முன்னால் இருக்கிற மரம் போய்விடும், காரை நிறுத்த இடம் குறையும் என்று. நாம் இங்கே முருகன்குறிச்சியில் நடக்க ஒரு முழ இடம் கிடைக்காமல் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகிறோம். உன் தம்பியிடம் நடைபாதை வேண்டுமா வேண்டாமா என்று கேட்பார்கள், யோசித்துப் பதில் சொல்லச் சொல்லு.

பழைய நகராட்சி ஆள்

நான் உள்ளாட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கனடா போனதில்லை, ஆனால் இந்த இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. நம் திருநெல்வேலி மாநகராட்சியில் 2011 கணக்குப்படி நாலே முக்கால் லட்சத்தை ஒட்டி ஜனம், 55 வார்டு. அந்த லண்டனில் 2021 கணக்கில் 4,22,324 பேர், வார்டு வெறும் 14. இங்கே ஒரு கவுன்சிலருக்கு எட்டாயிரம் ஒன்பதாயிரம் பேர், அங்கே 30,000 பேர். அப்படியானால் அங்கேதான் வேட்பாளரைக் கண்ணால் பார்க்க முடியாமல் போகணும். ஆனால் ஆச்சி சொல்கிற மாதிரி அங்கே ஆள் வீட்டுக்கு வருகிறார், இங்கே நோட்டீஸ் மட்டும்தான் வருகிறது. காரணம் கட்சிதான் என்பது என் எண்ணம். இங்கே சின்னத்துக்கு விழுகிற ஓட்டு, ஆளின் முகம் தெரியாவிட்டாலும் விழும். சின்னம் இல்லாத ஊரில் முகத்தைக் காட்டாமல் எப்படி?

மேயர் விஷயமும் அப்படித்தான். அங்கே மேயரை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், நாலு வருஷம், கவுன்சிலர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து நடுவில் இறக்க முடியாது. போதாக்குறைக்கு, முன்பு டொராண்டோவுக்கும் ஒட்டாவாவுக்கும் மட்டும் இருந்த அதிகார மேயர் முறையை 2023-ல் லண்டன் மாதிரி ஊர்களுக்கும் நீட்டியிருக்கிறார்கள், பட்ஜெட்டை முன்வைப்பதே மேயர்தான் என்று ஆகிவிட்டது. இங்கே கவுன்சிலர்கள் சேர்ந்து மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2024 ஜனவரியில் நெல்லை மேயர் மேல் சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து, ஓட்டெடுப்பு அன்றைக்கு ஒருத்தரும் வராமல் அது தோற்றது. அதே வருஷம் ஜூலையில் மேயர் ராஜினாமா செய்தார். வார்டுக்காரன் இதில் எங்கே இருந்தான்? டிவியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்று மட்டும் நம் பக்கம் சொல்லியாக வேண்டும். ஓட்டுப் போடுவதில் நாம் மோசமில்லை. 2022 பிப்ரவரி நகர்ப்புறத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க 60 சதவீதத்துக்கு மேலே வாக்களித்தார்கள். அதே 2022-ல் லண்டனில் நாலில் ஒருவர்தான் போய் ஓட்டுப் போட்டார். வீடு தேடி வந்தும் இந்த லட்சணம்.

மேலப்பாளையம் காரன்

நாலில் ஒருத்தர்தானா? அப்போ அண்ணாச்சி தம்பி ஜெயிக்கிறது லேசு. 20,000 வாக்காளரில் 5,000 பேர் வருவார்கள், நாலு பேர் நின்றால் 2,000 ஓட்டு போதும். நம்ம ஆட்களை எல்லாம் கூட்டி ஒரு பிரியாணி போட்டால் கதை முடிந்தது.

பாளை மூத்தவன்

அதைத்தான் நானும் யோசிக்கிறேன். தம்பி சொல்கிறான், பல்கலைக்கழகம், காலேஜ் என்று நம் இந்தியப் பிள்ளைகள் ஊர் பூரா இருக்கிறார்களாம். அவர்கள் எல்லாரும் போட்டாலே போதுமே?

கேடிசி நகர் வாசி

அவர்கள் யாருக்கும் ஓட்டில்லை அண்ணாச்சி. கனடியக் குடிமகனாக இருந்தால்தான் உள்ளாட்சித் தேர்தலிலும் ஓட்டு. படிக்க வந்த பிள்ளைக்கு இல்லை, வேலை விசாவில் இருப்பவனுக்கு இல்லை, நிரந்தர வசிப்புரிமை வாங்கி வீடு வாங்கி சொத்து வரி கட்டுகிறவனுக்கும் இல்லை. நானும் வரி கட்டினேன், குப்பை வண்டிக்குக் காத்திருந்தேன், பனி தள்ளினேன், ஓட்டுச்சாவடிக்கு மட்டும் அடுத்தவரைக் காரில் கொண்டு விட்டேன். தம்பியின் மேடையைச் சுற்றி நின்று கை தட்டப் போகிற நம்மவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். பிரியாணி சாப்பிடுவார்கள், ஓட்டு விழாது. பிரியாணிச் செலவையும் கணக்கில் காட்டணும்!

டொராண்டோவின் ஸ்கார்பரோ, அதை ஒட்டிய மார்க்கம் பக்கம் கதை வேறு. அங்கே ஈழத்தமிழர்கள் பல வருஷமாகக் குடியுரிமையோடு இருக்கிறார்கள். 2006-லேயே மார்க்கம் நகரில் லோகன் கணபதி கவுன்சிலராக ஜெயித்தார், அப்புறம் மாகாண சட்டமன்றத்துக்கும் போனார். டொராண்டோவிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கிற லண்டனில் அந்த எண்ணிக்கை கிடையாது. தம்பி அங்கே தமிழ் வேட்பாளராக நின்றால் தோற்பான், தெரு வேட்பாளராக நிற்கணும். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வெள்ளைக்காரப் பாட்டிதான் அவன் ஓட்டு வங்கி. அந்த வயதுக்காரர்கள்தான் தவறாமல் போய் ஓட்டுப் போடுவார்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லி விடுகிறேன். பணத்தை விட அதுதான் சிக்கல். அவன் நிற்கிற நேரத்தில் அந்த ஊரில் மூன்று விஷயம் கொதித்துக்கொண்டிருக்கிறது, எதைத் தொட்டாலும் ஒரு பக்கம் போய்விடும்.

முதலாவது வீடில்லாதவர்கள். அந்த ஊரிலும் தேம்ஸ் என்று ஒரு ஆறு ஓடுகிறது, ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு ஆட்கள் இருக்கிறார்கள், பனிக்காலத்திலும். அப்புறப்படுத்து என்று ஒரு கூட்டம், அப்புறப்படுத்தி எங்கே அனுப்புவாய் என்று ஒரு கூட்டம். இது லண்டனோடு நிற்கிற பிரச்சினை இல்லை. கிச்சனர் என்கிற பக்கத்து ஊரில் இதே மாதிரி ஒரு காலி இடத்தில் இருந்தவர்களை வெளியேற்ற வட்டார நிர்வாகம் கோர்ட்டுக்குப் போனது, தங்குமிடங்களில் போதுமான படுக்கை இல்லாதபோது வெளியேற்ற முடியாது என்று 2023 ஜனவரியில் நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டார். இரவு அடைக்கலத்துக்கு ஒரு கட்டிடம் பார்த்தால், அந்தத் தெருக்காரர்கள் எல்லாருக்கும் இரக்கம் உண்டு, ஆனால் எங்கள் தெருவில் வேண்டாம் என்பார்கள். கவுன்சிலர் வேட்பாளரிடம் கதவைத் திறந்ததும் கேட்கிற கேள்வி இதுதான்.

இரண்டாவது வீடு கட்டுவது. ஒரு வீடு இருக்கிற மனையில் நாலு குடித்தனம் வரை கட்டிக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்த ஒப்புக்கொண்டால் மத்திய அரசு பணம் தரும் என்று ஒரு திட்டம் வந்தது. 2023 செப்டம்பரில் நாட்டிலேயே முதல் ஊராகக் கையெழுத்துப் போட்டது லண்டன்தான், 74 மில்லியன் டாலர். அமெரிக்க எல்லையில் இருக்கிற வின்ட்சர் நகரம் அந்த நிபந்தனை வேண்டாம் என்று பணத்தையே விட்டுவிட்டது. இளைஞர்களுக்கு வாடகை குறையணும், பழைய ஆட்களுக்குத் தெரு மாறக் கூடாது. தம்பி வீடு வாங்கிய ஆளாகப் பேசுவானா, வாடகைக்கு இருந்த ஆளாகப் பேசுவானா?

மூன்றாவது சொத்து வரி. 2024-ல் 8.7 சதவீதம் ஏற்றினார்கள், அதில் பெரிய பங்கு போலீஸ் பட்ஜெட். அங்கே நகராட்சி கடன் வாங்கி அன்றாடச் செலவு செய்ய முடியாது, வரவும் செலவும் நேராக வேண்டும் என்பது மாகாணச் சட்டம். அதனால் எதையாவது புதிதாகச் செய்கிறேன் என்று வாய் திறந்தால் வரி ஏறும் என்று உடனே கணக்குப் போட்டுவிடுவார்கள். இங்கே மாதிரி மேலிடத்தில் பேசி நிதி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

திம்மராஜபுரம் ஆச்சி

குப்பையை விட்டுட்டியே தம்பி. 2024 ஜனவரியிலிருந்து சமையல்கட்டு மிச்சத்துக்கு என்று பச்சைத் தொட்டி கொடுத்திருக்கிறார்கள். அதை வாராவாரம் எடுக்கிறார்கள், மற்ற குப்பை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான். என் மகள் வீட்டில் சின்னக் குழந்தை, டயப்பர் மூட்டை இரண்டு வாரம் கொட்டகையில் கிடக்கும். மருமகன் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். உலகத்தில் எந்த ஊர் கவுன்சிலருக்கும் குப்பையிலிருந்து விடுதலை இல்லை.

பழைய நகராட்சி ஆள்

ஆச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. நம்ம ஊர்க் குப்பை ராமையன்பட்டிக்குப் போகிறது, அங்கே கோடையில் தீப்பிடித்தால் புகை எங்கே போகிறது என்று சங்கர்நகர்ப் பக்கம் இருப்பவர்களைக் கேளுங்கள். லண்டன் குப்பை ஊரின் தெற்கு ஓரத்தில் டபிள்யூ 12 ஏ என்கிற கிடங்குக்குப் போகிறது, அதற்கு அந்தப் பக்கம் ஆதிகுடிகளின் ஊர்கள். குப்பை எப்போதும் ஓட்டு குறைந்த திசைக்குத்தான் போகும் போலிருக்கிறது, தாமிரபரணிக் கரையானாலும் தேம்ஸ் கரையானாலும்.

இந்த இழையில் எல்லாரும் கனடாவைப் பார்த்து மூக்கில் விரல் வைக்கிறீர்கள். நம் ஊரிலும் 2022 நவம்பர் 1-லிருந்து மாநகராட்சிப் பகுதிகளுக்குப் பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது. கிராம சபை மாதிரிதான், வார்டுக்காரர்கள் உட்கார்ந்து கவுன்சிலரிடம் நேரே கேட்கலாம். உங்கள் வார்டில் கடைசியாக எப்போது நடந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நான் போன ஒன்றில் நாற்காலியில் பாதி சும்மா கிடந்தது, வந்தவர்களிலும் பாதிப் பேர் கட்சிக்காரர்கள். ஒரு அம்மா மட்டும் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய குழியின் போட்டோவைப் போனில் காட்டிக்கொண்டே நின்றார், அவர் முடிக்கிறவரை நகரவில்லை. ஒரு மாதத்தில் அந்தக் குழி மூடியது.

மேலப்பாளையம் காரன்

ஒரு குழிக்கு ஒரு மாதமா? அதைப் பெருமையாக வேறு சொல்கிறீர்கள் சார்.

பழைய நகராட்சி ஆள்

பெருமை இல்லை தம்பி. அந்த அம்மா வராமல் இருந்திருந்தால் இன்னும் அது குழிதான்.

பாளை மூத்தவன்

எல்லாருக்கும் நன்றி. இழை முழுவதையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 1,200 டாலர் வரம்பைக் கேட்டு, "இவ்வளவு கஞ்சத்தனமான தேர்தலா" என்றார். அரை ஏக்கர் பேச்சு நின்றுவிட்டது. அம்மா இன்று காலை அவருக்குக் காபி கொடுத்தாள்.

அப்புறம் அவராகவே தம்பிக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் பேசினார். அவர் சொன்னதில் இரண்டு எனக்குப் பிடித்தது. ஒன்று, யார் வீட்டிலும் நிற்கும்போது பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிக் குறை கேட்டால் தலையாட்டாதே, அது அவன் காதுக்குப் போகும். இன்னொன்று, முடியாததை முடியாது என்று அங்கேயே சொல், நான் பார்க்கிறேன் என்று சொல்லாதே. இவர் உறுப்பினராக இருந்த காலம் முழுக்க நான் பார்க்கிறேன், நான் பார்க்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், அதை நான் வாய் விட்டுச் சொல்லவில்லை.

தம்பி இன்னும் மனு போடவில்லை, செலவும் எதுவும் செய்யவில்லையாம். நடைபாதைக் கேள்விக்கு அவன் பதில்: பள்ளிக்கூடம் போகிற தெருவில் வேண்டும், மற்ற தெருவில் அந்தத் தெருக்காரர்களைக் கேட்டுச் சொல்கிறேன். ஆச்சி, இது தேறுமா? கேடிசி நகர் அண்ணாச்சி, கடைசியாக ஒன்று. தோற்றுப் போனால் அதோடு முடிந்துவிடுமா, இல்லை அப்புறமும் ஏதாவது வேலை இருக்கிறதா?

திம்மராஜபுரம் ஆச்சி

பாதி தேறும். கேட்டுச் சொல்கிறேன் என்பது நான் பார்க்கிறேன் என்பதற்குத் தம்பிதான்.

கேடிசி நகர் வாசி

முடியாது அண்ணாச்சி. ஜெயித்தாலும் தோற்றாலும், வீட்டு வாசல்களில் நட்ட தேர்தல் விளம்பரப் பலகைகளை அவனேதான் பிடுங்கி எடுக்கணும். அடுத்த மார்ச் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் வரவு செலவுக் கணக்கை நகராட்சி கிளார்க் என்கிற அதிகாரியிடம் தாக்கல் செய்யணும். வரவோ செலவோ 10,000 டாலரைத் தாண்டினால் ஆடிட்டர் அறிக்கையும் சேர்த்துக் கொடுக்கணும். நேரத்துக்குக் கொடுத்தால் கட்டிய 100 டாலர் திரும்பி வரும். கொடுக்காவிட்டால் ஜெயித்தவனுக்குப் பதவி போகும், தோற்றவனும் அடுத்த தேர்தல் முடிகிறவரை எந்த உள்ளாட்சிப் பதவிக்கும் நிற்க முடியாது. அதனால் மனு போட்டதும் முதல் வேலையாகத் தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறக்கச் சொல்லுங்கள். கணக்கு எழுத மனைவியை வைக்க வேண்டாம், வீட்டில் சண்டை வரும். வெளியாள் ஒருத்தரைப் பிடிக்கட்டும்.